காசோடு கூட வரும் ஆவி

1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சின்ன நீதிமன்றத்தில் ஜான் ஹாஸ்டெட்லர் என்ற பேராசிரியர் சாட்சி சொல்லப் போனார். ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்தவச் சமூகம் உண்டு, கார் வைத்துக்கொள்ளாது, வீட்டுக்கு மின்கம்பி இழுக்காது, குதிரை வண்டியும் வயலுமாக வாழும். அதைச் சேர்ந்த மூன்று தகப்பன்மார் எட்டாம் வகுப்பு போதும் என்று பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மாநிலச் சட்டமோ பதினாறு வயது வரை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்றது. அபராதம் ஆளுக்கு ஐந்து டாலர்தான். அரசு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் ஹாஸ்டெட்லரைக் கேட்டார், பிள்ளை இந்த உலகத்தில் தனக்கென்று ஓர் இடம் பிடிக்கத்தானே படிப்பு? அவர் சொன்ன பதில் ஒரே வரி. அது எந்த உலகம் என்பதைப் பொறுத்தது.

மானுடவியலை நான் அரைகுறையாகப் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவன். படித்ததில் முக்கால்வாசி மறந்துவிட்டது, இந்த ஒரு வரி மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அண்மையில் ஒரு நண்பனோடு பெரிய வாக்குவாதம். தனியார் பள்ளிகளுக்கு மக்கள் வரிப்பணத்தைக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் விஷயம். பணம் பிள்ளையின் பின்னால் போகட்டும், எந்தப் பள்ளி நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறதோ அது பிழைக்கட்டும் என்கிறான் அவன். பொதுப்பணம் பொதுப்பள்ளிக்கே என்கிறேன் நான். ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, தேர்ச்சி விகிதம், ஆசிரியர் வருகை, இப்படியே இரண்டு மணி நேரம் ஓடியது. வீட்டுக்கு வந்து யோசித்தால் இரண்டு பேரும் கணக்குப்பிள்ளை மாதிரியே பேசியிருக்கிறோம். பள்ளிக்கூடம் என்ற இடத்தில் பிள்ளைகளுக்கு என்னதான் நடக்கிறது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சரி, என்ன நடக்கிறது? 1909இல் ஆர்னால்ட் வான் கெனெப் என்பவர் உலகம் முழுக்க மனிதர்கள் செய்யும் பருவச் சடங்குகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். ஆளைப் பழைய இடத்திலிருந்து பிரிக்கிறார்கள், அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் ஒரு வாசற்படியில் கொஞ்ச காலம் நிறுத்துகிறார்கள், அப்புறம் புதிய ஆளாக உள்ளே சேர்த்துக்கொள்கிறார்கள். இந்த மூன்று கட்டங்களையும் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பள்ளியின் வாசலில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். அம்மாவிடமிருந்து பிரித்து, எல்லோருக்கும் ஒரே உடை போட்டு, மணி அடித்தால் உட்காரவும் மணி அடித்தால் எழவும் பழக்கி, பத்துப் பன்னிரண்டு வருடம் வாசற்படியிலேயே நிற்க வைத்து, கடைசியில் ஒரு தேர்வு, ஒரு தாள், "இனி நீ ஆள்". வேறு சமூகங்களின் சடங்குகளில் இவ்வளவு நீளமானவை அரிது. இயற்கணிதம் சொல்லிக்கொடுக்க மட்டும் இவ்வளவும் தேவைப்படாது.

சடங்கு என்று பார்த்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். எந்தக் கூட்டத்துக்குள் சேர்க்கிறார்கள்? பருவச் சடங்கை யார் நடத்துவார்கள்? பிள்ளை யாரோடு சேரப்போகிறதோ அவர்கள்தான். நவீன அரசு வந்து, இனிமேல் எல்லாப் பிள்ளைகளும் 'குடிமக்கள்' என்ற ஒரே கூட்டத்துக்குள் சேர்கிறார்கள், சடங்கை நானே நடத்துகிறேன், செலவும் என்னுடையது என்றது. தனியார் பள்ளி, குறிப்பாக மதத்தின் பேரிலோ மொழியின் பேரிலோ நடப்பது, எங்களுக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்கிறது. அரசு அந்தப் பள்ளிக்குப் பணம் கொடுக்கும்போது இன்னொருவர் வீட்டுச் சடங்குக்குச் செலவு செய்கிறது. அதில் தப்பு இருக்கிறதா என்று அப்புறம் பார்க்கலாம். ஆனால் நடப்பது அதுதான், நண்பனும் நானும் போட்ட கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925இல் கொடைப் பொருளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அவர் நியூசிலாந்துக்குப் போனவர் இல்லை. அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களில் ஒரு பெரியவர், தாமாட்டி ரானாபிரி, எல்ஸ்டன் பெஸ்ட் என்ற ஆய்வாளருக்கு விளக்கிச் சொன்ன சில வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு மோஸ் ஒரு பெரிய வாதத்தையே கட்டினார். நீ எனக்கு ஒரு பொருள் கொடுக்கிறாய், நான் அதை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கிறேன், அவன் எனக்குப் பதிலுக்கு ஒன்று தருகிறான். அந்தப் பதில் பொருளை நானே வைத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் உன் பொருளின் 'ஹவு' அதில் இருக்கிறது. ஹவு என்றால் ஆவி என்று மோஸ் எடுத்துக்கொண்டார். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று பின்னால் வந்தவர்கள் நிறைய சண்டை போட்டிருக்கிறார்கள், அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். மிச்சம் நிற்கும் கருத்து போதும். கொடுத்தால் வாங்கியாக வேண்டும், வாங்கினால் திருப்பியாக வேண்டும், இலவசக் கொடை என்று ஒன்று கிடையாது.

இதைப் பள்ளிக்கு வைத்துப் பார்க்க நான் தூரத்தில் தேட வேண்டியிருக்கவில்லை, அதே மாவோரி மக்களிடமே கிடைத்தது. மொழி சாகப்போகிறது என்ற பயத்தில் 1982இல் அவர்கள் சின்னக் குழந்தைகளுக்கு 'கோஹங்கா ரேயோ' தொடங்கினார்கள். மொழிக்கூடு என்று பொருள், குருவிக்கூடு மாதிரி. பாட்டிமார்களும் தாத்தாமார்களும் குழந்தைகளோடு மாவோரியிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள், வேறு பெரிய பாடத்திட்டம் எல்லாம் இல்லை. இப்படி வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனதும் மொழி உதிரத் தொடங்கியது. அதனால் 1985இல் ஆக்லாந்தில் ஒரு சமூகக் கூடத்தில் முதல் மாவோரிவழிப் பள்ளியைத் தாங்களாகவே ஆரம்பித்தார்கள், அரசுக்கு வெளியே நின்று. 1989 கல்விச் சட்டத்தில் அந்தப் பள்ளிகளுக்கு அங்கீகாரமும் பணமும் கிடைத்தன. வெற்றிதான், போராடிப் பெற்றது.

ஆனால் கூட்டுக்கு வந்த பணத்தோடு ஆவியும் வந்தது. மொழிக்கூடுகளின் நிர்வாகம் 1990இல் மாவோரி விவகாரத் துறையிலிருந்து கல்வி அமைச்சகத்துக்குப் போயிற்று. அங்கே போனதும் அவை 'முன்பருவக் கல்வி மையங்கள்' என்ற வரிசையில் ஒன்றாகிவிட்டன. உரிமம் வேண்டும், கட்டட விதி வேண்டும், தகுதி பெற்ற ஆசிரியர் இருந்தால் கூடுதல் மானியம். பாட்டிக்கு எந்தச் சான்றிதழ் இருக்கும்? 1990களின் தொடக்கத்தில் 14,000 குழந்தைகளைத் தாண்டியிருந்த சேர்க்கை பிறகு சரிந்தது. 2011இல் அவர்கள், அரசின் மேல் மாவோரிகள் கொண்டுவரும் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்தில் முறையிட்டார்கள், அரசு நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று அடுத்த ஆண்டே தீர்ப்பாயம் சொன்னது. அந்த அமைச்சகத்தில் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் யாரும் இருந்திருக்கத் தேவையில்லை. பணம் கொடுப்பவருக்கு எண்ணிப் பார்க்க ஏதாவது வேண்டும், பாட்டியின் பேச்சை எண்ண முடியாது, சான்றிதழை எண்ணலாம்.

ஆமிஷ் மக்களுக்கு மோஸ் யாரென்று தெரிய வழியில்லை. ஆனாலும் இந்த விஷயம் அவர்களுக்கு அத்துப்படி. அரசுப் பள்ளிகளுக்கான சொத்து வரியைக் கட்டுகிறார்கள், தங்கள் ஒற்றை அறைப் பள்ளிகளைச் சொந்தக் காசில் நடத்துகிறார்கள், அரசின் ஓய்வூதியத் திட்டமும் வேண்டாம் என்று 1965இல் விலக்கு வாங்கினார்கள். வாங்கினால் கடமைப்பட வேண்டும் என்பதால் வாங்கவே மாட்டார்கள். விஸ்கான்சின் வழக்கின் பின்னணியிலும் காசுதான் இருக்கிறது. ஆமிஷ் பெற்றோர் தங்களுக்கென்று சிறு பள்ளிகள் தொடங்கியதும் அந்த ஊர் அரசுப் பள்ளி நிர்வாகத்துக்கு மாநில மானியம் குறையும் நிலை. தலை எண்ணித்தானே பணம் வருகிறது. எண்ணிக்கை நாள் முடியும் வரையாவது பிள்ளைகளை அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். அது பொய் கணக்கு, மாட்டோம் என்று ஆமிஷ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கட்டாயக் கல்விச் சட்டம் அங்கே திடீரென்று உயிர் பெற்றது. இந்தப் பகுதியை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பண்பாட்டுக்கும் அரசுக்கும் நடந்த மாபெரும் மோதல் என்று சட்டப் புத்தகங்கள் வர்ணிக்கும் வழக்கு, வருகைப் பதிவேட்டில் தொடங்கியிருக்கிறது.

மறுகோடியில் நெதர்லாந்து. அங்கே கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகள் 'பள்ளிச் சண்டை' என்றே பேர் வைத்து ஒரு சண்டை நடந்தது. கத்தோலிக்கர்களும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களும் தங்கள் பள்ளிகளுக்கும் அரசுப் பணம் வேண்டும் என்றார்கள், தாராளவாதிகள் முடியாது என்றார்கள். 1917இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி முடித்தார்கள், தனியார் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் சரிசமமாகப் பணம். ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமையும் இதே உடன்படிக்கையில்தான் வந்தது. நீ அதைக் கொடு, நான் இதைக் கொடுக்கிறேன் என்ற கொடுக்கல் வாங்கல். இன்று அந்த நாட்டில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தனியார் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள், செலவு அரசுடையது. லாபம் எடுக்கக் கூடாது, ஆய்வாளர் வருவார், பொதுத்தேர்வு எல்லோருக்கும் ஒன்று.

எனக்குப் பிடித்தது இதன் பின்கதை. பல பத்தாண்டுகள் டச்சுச் சமூகம் 'தூண்கள்' என்று அவர்களே சொல்லும் தனித்தனிக் கூட்டங்களாக நின்றது. கத்தோலிக்கருக்குத் தனிப் பள்ளி, தனிச் செய்தித்தாள், தனித் தொழிற்சங்கம், தனி வானொலி, ஆடு வளர்ப்போர் சங்கம்கூடத் தனி. 1960களிலிருந்து தேவாலயத்துக்குப் போகும் ஆட்கள் மளமளவென்று குறைந்தார்கள், சங்கங்கள் கரைந்தன. பள்ளிகள் மட்டும் அசையவில்லை. பேர் பலகையில் ஒரு புனிதரின் பெயர், உள்ளே அந்தப் புனிதர் யார் என்று தெரியாத பிள்ளைகள். அரசுப் பணம் அந்தக் கூட்டத்தின் கூட்டை அப்படியே காப்பாற்றியது, உள்ளே இருந்த உயிர் போனதைத் தடுக்க முடியவில்லை. 1980களின் இறுதியில் அதே சாசனப் பிரிவைக் காட்டி முஸ்லிம்களும் இந்துக்களும் பள்ளி தொடங்கியபோது, நாங்கள் இதை உங்களுக்காக எழுதவில்லையே என்று நெளிந்தவர்கள் உண்டு. ஆனால் சடங்கு எல்லோருக்கும் திறந்த கதவு என்று எழுதி வைத்தபின் யாரை வெளியே நிறுத்துவது?

பிரான்ஸில் நடந்ததைச் சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். 1959இல் வந்த டெப்ரே சட்டப்படி, ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் தனியார் பள்ளிகளில் (பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகள்) ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கும். பாடத்திட்டம் அரசுடையது, எந்த மதத்துப் பிள்ளையையும் ஒதுக்கக் கூடாது, ஆனால் பள்ளி தன் 'சொந்த இயல்பை' வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொந்த இயல்பு என்னவென்று சட்டம் விளக்கவில்லை, புத்திசாலித்தனமான மௌனம். 1984இல் சோஷலிச அரசு இந்தப் பள்ளிகளைப் பொதுக்கல்வியோடு இணைக்கப் பார்த்தது, பாரீஸில் பல லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள், சட்டவரைவு திரும்பப் பெறப்பட்டது, கல்வி அமைச்சர் அலன் சாவாரி பதவி விலகினார். பத்து வருடம் கழித்து வலதுசாரி அரசு அதே பள்ளிகளுக்கு உள்ளாட்சிகள் இன்னும் அதிகமாகக் கொடுக்க வழி செய்யப் பார்த்தது, அதற்கும் 1994 ஜனவரியில் பல லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து. பட்ஜெட் விவகாரத்துக்காக இத்தனை லட்சம் பேர் இரண்டு திசையிலும் நடப்பதை வேறு எதில் பார்க்க முடியும்? அது குலச்சின்னத்தைத் தொட்டுவிட்ட கோபம்.

இனி நண்பனின் பக்கம். பணம் பிள்ளையோடு போகட்டும் என்ற யோசனையை நவீன வடிவில் எழுதியவர் மில்டன் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 1955இல். பிள்ளையின் பேரில் அரசு தரும் படிப்புச் செலவுச் சீட்டு, அதற்குப் பெயர் வவுச்சர். அந்தக் கட்டுரையிலேயே நீளமான ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது, இந்த வவுச்சரை வைத்து வெள்ளையர்கள் தங்களுக்கென்று தனிப் பள்ளி வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற சங்கடத்தைப் பற்றி. சங்கடம் கற்பனையில் நிற்கவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், 1959இல் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி, அதற்குப் பொதுப்பணத்தில் கட்டண உதவி. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை. 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் கதவு திறந்தது. ஐந்து வருடம். ஒரு பிள்ளைக்கு அது திரும்பி வராத வயது.

வவுச்சர் என்றாலே இதுதான் என்று சொல்ல மாட்டேன், அது அநியாயம். 1990இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் வவுச்சருக்காக நின்றவர்களில் கறுப்பினத் தாய்மாரும் உண்டு. ஆனால் சிலியைப் பார்க்காமல் இதைப் பேச முடியாது. பினோசேயின் ராணுவ ஆட்சி 1981இல் நாடு முழுவதற்கும் தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொண்டுவந்தது, அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ பிள்ளை எங்கே போகிறதோ அங்கே பணம். அப்போது நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் இருந்தார்கள். முப்பத்து சொச்சம் வருடத்தில் அது 40 சதவீதத்துக்கும் கீழே போனது. 1993இல் மானியம் வாங்கும் பள்ளி பெற்றோரிடமும் கட்டணம் வசூலிக்கலாம் என்று அனுமதித்தார்கள். அங்கிருந்துதான் அடுக்கடுக்காகப் பிரிந்தது. மாதம் இவ்வளவு கட்ட முடிந்தவர்கள் ஒரு பள்ளி, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக முடிந்தவர்கள் அடுத்த பள்ளி. பெற்றோரை நேர்காணல் செய்த பள்ளிகள் உண்டு, திருமணச் சான்றிதழும் ஞானஸ்நானச் சான்றிதழும் கேட்டவையும் உண்டு.

பொருளாதாரக்காரர் இதைப் பார்த்தால் சந்தைக் கோளாறு என்பார். எனக்கு என்னவோ இது பெண் பார்க்கும் படலம் மாதிரிப் படுகிறது. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்கிறார்கள், உண்மையில் தேர்ந்தெடுப்பது மற்ற பெற்றோரை. யாருடைய பிள்ளை பக்கத்து இருக்கையில் உட்காரும், எந்த வீட்டோடு பழக்கம் வரும், யாரோடு சேர்ந்து நம் பிள்ளை ஆளாகும் என்பதுதான் கேள்வி. உறவுமுறை ஆய்வு செய்தவர்களுக்கு இது ரொம்பப் பழைய விஷயம், உள்ளுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளும் குழு எப்படித் தன் எல்லையைக் காக்கிறது என்பது. பள்ளிகளைப் போட்டி போட விட்டால் சொல்லிக்கொடுப்பதில் போட்டி போடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், அவர்கள் சம்பந்தி தேடுவதில் போட்டி போட்டார்கள். 2006இலும் 2011இலும் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, மானியப் பள்ளிகளில் லாபமும் கட்டணமும் ஆள் பொறுக்குவதும் கூடாது என்று 2015இல் சட்டம் வந்தது, படிப்படியாக அமலுக்கு.

ஸ்வீடனில் 1992 முதல் வவுச்சர், கூடுதல் கட்டணம் கிடையாது, ஆனால் லாபம் எடுக்கலாம். அங்கே ஒரு வேடிக்கையான வழக்கம் முளைத்தது. பல பள்ளிகளில் யார் முதலில் வரிசையில் பேர் கொடுத்தார்களோ அவர்களுக்கு இடம், அதனால் குழந்தை பிறந்த கையோடு பேர் பதிவு செய்யும் பெற்றோர் வந்துவிட்டார்கள். தொட்டிலிலேயே நிச்சயம் பண்ணுவது. வெளிநாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கியவர் எந்த வரிசையில் நிற்பார்? 2013இல் முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கையிலிருந்த பெரிய பள்ளிக் குழுமம் திவாலானபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. வாசற்படியில் நிற்கும்போதே வீடு காணாமல் போவது.

இவ்வளவையும் அடுத்த முறை நண்பனிடம் கொட்டினேன். "அப்ப உன் கட்சி என்ன? கொடுக்கலாமா, கூடாதா?" என்றான். நான் பழைய இடத்தில் நிற்கவில்லை, அதை ஒத்துக்கொண்டேன். பொதுப்பணம் பொதுப்பள்ளிக்கே என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை, மாவோரிப் பிள்ளைக்கு அரசு நடத்திய சடங்கு பல தலைமுறை அவர்களுடைய மொழியைத் தின்றது, அந்தப் பணத்தில் அவர்கள் பங்கும் இருக்கிறது. கொடுக்கட்டும். ஆனால் வாங்கும் பள்ளி திருப்பித் தர வேண்டும். கதவைத் திறந்து வைக்க வேண்டும், ஆள் பொறுக்கக் கூடாது, மேலே கட்டணம் வாங்கக் கூடாது. ஆவி இல்லாத பணத்தைக் கொடுத்த காலம்தான் சிலியில் மோசமான காலம். அந்த ஆவி மொழிக்கூட்டில் செய்ததைப் போல உள்ளே இருக்கும் உயிரையும் கொஞ்சம் கடித்துத் தின்னும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அது வேண்டாதவர்கள் ஆமிஷ் மாதிரி இரண்டு பக்கமும் செலவு செய்துகொண்டு வெளியே நிற்கலாம். எல்லோருக்கும் கட்டுப்படியாகிற வழி அல்ல அது.

"சரி, பிள்ளைக்கு எந்த உலகம் வேணும்னு யாராவது கேட்டாங்களா?" என்றான் அவன். நல்ல கேள்வி, 1972இல் அந்த ஆமிஷ் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் பெற்றோருக்குச் சாதகமாக முடிந்தபோது நீதிபதி வில்லியம் டக்ளஸ் இதையேதான் கேட்டார். அவர் ஓரளவுக்கு மட்டுமே தீர்ப்போடு உடன்பட்டார். வழக்கில் இருந்த பிள்ளைகள் மூன்று பேர், அதில் ஒருத்திதான் சாட்சி சொன்னாள், அவளுக்கு அந்த வாழ்க்கையே பிடித்திருந்தது. மற்ற இருவரை யாரும் கேட்கவில்லை. எந்த உலகம் என்று கேட்ட ஹாஸ்டெட்லர், தானே ஓர் ஆமிஷ் வீட்டில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்து வெளியேறி முனைவர் பட்டம் வரை படித்தவர்.